இடது கன்னம்

நிலக்ஷி உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த வருடத்தில்தான் அவளுடைய அம்மா நாகலெட்சுமி வாழ்க்கையில் முதல் தடவையாகச் சும்மா உட்கார்ந்தாள்.

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் ஏறிப் போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளோடு அவர்களுடைய லயம் இருந்தது. சின்ன வயதிலேயே பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனவள் நாகலெட்சுமி. மலையில் நிற்கும்போது குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையும் புகையிலையும்தான். இடது கன்னத்துக்குள் வந்த புண் ஆறாமல் கிடந்ததை அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னபோது வாயைத் திறக்கவே முடியாமல் இருந்தது. கண்டியில் ஆபரேஷன் செய்தார்கள். தாடை எலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதையை எடுத்து வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது முகத்தின் இடது பாதி உள்ளே ஒடுங்கி, உதடு ஒரு பக்கமாக இழுபட்டுப் போயிருந்தது. பேச்சு குழறியது.

வந்த அன்றே சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். ஒரு பழைய ஊதாச் சால்வையைத் தலையைச் சுற்றிப் போட்டு, கண்ணுக்குக் கீழே இடது பக்கம் முழுவதும் மறைகிற மாதிரி ஊசி குத்திக்கொண்டாள். புருஷன் ஆண்டியப்பன் முன்னால்கூட அதை எடுக்க மாட்டாள். காயத்துக்கு மருந்து வைப்பதும் அவளே, கதவைச் சாத்திக்கொண்டு.

நிலக்ஷி உயர்தரத்துக்குச் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். தோட்டத்தில் அவள் கெட்டிக்காரி என்றுதான் பேர். அடையாள அட்டையிலிருக்கும் சின்னப் படத்தைக் கொடுத்தால், கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி, அச்சு அசலாக வரைந்து கொடுத்துவிடுவாள். பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் கேட்டு வருவார்கள். அவளும் தனக்கு வரையத் தெரியும் என்றே நம்பியிருந்தாள்.

பல்கலைக்கழகத்தில் சித்திரம் படிக்கப் போக வேண்டுமென்றால் பரீட்சைப் பெறுபேறு மட்டும் போதாது. கொழும்பில் ஒரு செய்முறைப் பரீட்சை, அதற்குப் பிறகு நேர்முகம். நேர்முகத்துக்குத் தன்னுடைய படங்களின் தொகுப்பு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னவர் பாடசாலையில் சித்திரம் படிப்பித்த கேதீஸ்வரி டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் கிடைத்து வந்தவர். அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டில் குளிர் தாங்காமல் எப்போதும் காலுறையும் தொப்பியுமாக இருப்பார். நிலக்ஷி வரைந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"போட்டோவைப் பாத்து வரையிறது வேற, ஆளைப் பாத்து வரையிறது வேற. உமக்குக் கை இருக்கு. கண் இன்னும் வரேல்ல."

நிலக்ஷிக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"தொகுப்பு எண்டால் எல்லாப் படமும் ஒண்டைப் பற்றிக் கதைக்கோணும். அதுக்காகக் கொழுந்துக் கூடையோட நிக்கிற பொம்பிளையளை மட்டும் கொண்டு போகாதையும். இஞ்ச இருந்து போற எல்லாரும் அதைத்தான் கொண்டு போயினம்."

நிலக்ஷி பொகவந்தலாவைக் கடைத்தெருவில் போய் நின்று பார்த்தாள். அவள் கண்ணைப் பிடிப்பதற்குள் காது நகர்ந்துவிட்டது. மரக்கறிக் கடைக்காரன் அவள் வரைவதைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்திச் சிலை மாதிரி நின்றான். பஸ்ஸுக்கு நிற்பவர்களை வரைந்தால் பாதியில் பஸ் வந்தது. வரையக் கொண்டுபோன டிமைத் தாள்கள் பாதி முகங்களாலும் முடியாத தோள்களாலும் நிறைந்தன. கோபத்தோடு ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, வாசல் இஸ்தோப்பில், வெயில் விழுகிற மூலையில், அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. ஒன்றும் செய்யாத அம்மாவின் கைகளை நிலக்ஷி அதுவரை பார்த்ததில்லை. அசையாமல் இருக்கிற ஒரு ஆள் தன் வீட்டிலேயே இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அம்மா, உங்கள வரையவா?"

"என்னையவா? என்னைய வரைஞ்சு என்னா செய்யப் போற."

"படிக்கிறதுக்குத்தான்."

நாகலெட்சுமி சால்வையின் மேல் கையை வைத்துச் சொன்னாள்: "இந்தப் பக்கம் வேணாம்."

"சரிம்மா."

அப்படித்தான் தொகுப்பு தொடங்கியது. நிலக்ஷி எப்போதும் அம்மாவின் வலது பக்கத்தில் உட்காருவாள். முதலில் வரைந்தவை மரக்கட்டை மாதிரி இருந்தன. கழுத்து தோளில் ஒட்டாது, காது எங்கேயோ தொங்கும். அழிறப்பரால் அழித்து அழித்துத் தாள் நூல் விட்டுப் போகும். அப்புறம் மெல்ல மெல்ல ஏதோ பிடிபடத் தொடங்கியது. கோட்டால் முகத்தைச் சுற்றி வேலி கட்டக் கூடாது, இருட்டு எங்கே விழுகிறதோ அங்கே கரியை வைத்தால் வெளிச்சம் தன்னால் முகமாக வரும் என்று கண்டுகொண்டாள். அடுப்பிலிருந்து கரித்துண்டுகளைப் பொறுக்கி, சுண்டுவிரலால் தேய்த்து, அம்மாவின் கண்குழியைக் கொண்டுவந்தாள். கொழுந்து பறித்துக் கறுத்துத் தடித்துப் போயிருந்த விரல் நுனிகள், வீட்டில் இருக்க இருக்க வெளுத்து மெலிந்து வருவதைக் கரிக்கு முன்னால் அவள் கண் பார்த்தது. டீச்சர் சொன்ன கண் வரத் தொடங்கியிருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அம்மாவின் குழறல் அவளுக்கு விளங்க ஆரம்பித்தது. ஆண்டியப்பன் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டால் நாகலெட்சுமி பேச்சையே விட்டுவிடுவாள். மகள் வரையும்போது மட்டும், தாளில் கண்ணை வைத்துக்கொண்டு இருப்பதால் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, நிறையப் பேசினாள். கங்காணி ஒருத்தரை அட்டைக்கடிக்குப் பயந்தவர் என்று கிண்டல் செய்த கதை, நிலக்ஷி பிறந்தபோது அடித்த மழை. வரையப் போகிற நாட்களில் காலையிலேயே தலையை எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருநாள் நிலக்ஷி, விசேஷத்துக்கு மட்டும் உடுத்துகிற சந்தனக் கலர்ச் சேலையை அம்மா உடுத்தியிருப்பதைப் பார்த்தாள்.

நோய் திரும்பி வந்தது அந்த மாதங்களிலேதான். கண்டிக்கு மருந்து ஏற்றப் போய் வந்தால் இரண்டு நாளைக்கு நாகலெட்சுமியால் எழுந்திருக்க முடியாது. உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. படங்கள் நன்றாக ஆகிக்கொண்டே வந்தன. கழுத்தெலும்பு தெரியத் தெரிய அதை வரைவது சுலபமாக இருந்தது. இந்த நினைப்பு வந்ததும் நிலக்ஷி கரியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றாள். ஆனால் திரும்பி வந்து வரைந்தாள்.

அப்படி ஒரு நாள் மத்தியானம். கண்டியிலிருந்து வந்த மறுநாள். ஆண்டியப்பன் வேலைக்குப் போயிருந்தார். நாகலெட்சுமி மருந்து மயக்கத்தில் உள்ளே பாயில் அயர்ந்து தூங்கினாள். மூச்சுக்குக் கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பியபோது ஊசி கழன்று சால்வை நழுவியது. கஞ்சி கொண்டுவந்த நிலக்ஷி அதை அப்போதுதான் முதல் முதலாகப் பார்த்தாள். கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் நெஞ்சுச் சதை, வேறு நிறத்தில், வேறு ஒருவருடைய உடம்பைப் பிடித்து வைத்த மாதிரி. அதன் ஓரத்தில் புதிதாக ஒரு வீக்கம். இழுபட்ட உதட்டின் கடையில் எச்சில். ஜன்னல் வெளிச்சம் சரியாக அதன் மேல் விழுந்திருந்தது.

அவள் சால்வையை எடுத்து மூடப் போனாள். கை பாதியில் நின்றது. கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டுத் தாளை எடுத்தாள்.

அவள் வரைந்ததிலேயே வேகமாக வரைந்த படம் அது. ஒரு இடத்திலும் அழிக்கவில்லை. இடையில் நாகலெட்சுமி முனகினாள். தண்ணீர் கேட்கிறாள் என்பது நிலக்ஷிக்கு விளங்கியது. உதட்டின் நிழல் இன்னும் முடியவில்லை. "இந்தா வாறேம்மா" என்று சொல்லிக்கொண்டே அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் சால்வையைச் சரிசெய்து ஊசியைக் குத்தினாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கேதீஸ்வரி டீச்சர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதுதான் பிள்ளை. மற்றதெல்லாம் இதுக்கு வாற வழி."

அந்த மாதம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் மாணவர்களின் சித்திரக் கண்காட்சி நடக்க இருந்தது. நிலக்ஷியின் படங்களையும் வைக்கலாம் என்றார் டீச்சர். அந்தப் படத்தை நடுவில் வைக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அம்மாவிட்டக் கேட்டனீரோ?"

"கேட்டேன் டீச்சர்."

"ஓம் எண்டவவோ?"

"ஆமா."

ஹட்டன் எங்கே, தங்கள் லயம் எங்கே. அம்மா ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போவதில்லை. அப்பா கண்காட்சி பார்க்கப் போகிற ஆள் இல்லை. நிலக்ஷி இப்படித்தான் கணக்குப் போட்டாள். கண்காட்சியன்று அந்தப் படத்துக்கு முன்னால் எப்போதும் ஆட்கள் நின்றார்கள். சத்தம் போட்டுக்கொண்டு வந்தவர்கள் அதற்கு முன்னால் வந்ததும் சத்தத்தைக் குறைத்தார்கள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை. யாரோ ஒருவர் படத்தைப் போனில் எடுத்தார். "மலையகத் தாயின் வேதனை" என்று எழுதி, அவள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட்டு ஃபேஸ்புக்கில் போட்டார். நல்ல மனதோடுதான் போட்டிருப்பார்.

அது லயத்துக்கு வந்து சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு மீனம்மா நாகலெட்சுமியோடு ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தவள். மகனுடைய போனில் படத்தைப் பார்த்துவிட்டு, இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமியிடம் அழுதுகொண்டே வந்தாள். நிலக்ஷி உள்ளே மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு ஆயிப்போச்சேடி நாகு. நீ மூடியே வச்சிருந்ததுல ஒண்ணும் தெரியலயே. இன்னைக்குப் படத்துல பாத்துத்தானே தெரிஞ்சுக்கிட்டோம்."

"என்னா படம்?" என்றாள் நாகலெட்சுமி.

மீனம்மாவுக்கு அது விளங்கவில்லை. திரும்பக் கேட்டாள். நாகலெட்சுமி இன்னொரு தடவை, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். மீனம்மா மகனைக் கூப்பிட்டுப் போனை வாங்கிக் காட்டினாள்.

நிலக்ஷி மாக்கையோடு வாசலில் வந்து நின்றாள். அம்மா போனை முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு நாகலெட்சுமியும் தன்னுடைய முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்திருப்பாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மகளைத் தாண்டி உள்ளே போய், பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் கண்காட்சி முடிந்து படங்கள் திரும்பி வந்தன. நிலக்ஷி அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் போனாள்.

"அம்மா, இங்க பாருங்க. எரிச்சிடுறேன்."

அடுப்பில் வைத்தாள். தாள் சுருண்டு பற்றியது. நாகலெட்சுமி திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எதுக்கு எரிக்கிற. பாக்க வேண்டியவங்க எல்லாரும் பாத்துட்டாங்களே."

குழறலில்லாமல் கேட்ட மாதிரி நிலக்ஷிக்கு அந்தச் சொற்கள் இன்றைக்கும் ஞாபகம் இருக்கின்றன.

அதற்குப் பிறகு நாகலெட்சுமி இஸ்தோப்புக்கு வரவில்லை. கண்டிக்குப் போகிற நாள் வந்தபோது மாட்டேன் என்றாள். ஆண்டியப்பன் கெஞ்சினார், திட்டினார், ஆட்டோ பிடித்து வந்து வாசலில் நிறுத்தினார். "எல்லாரும் பாப்பாங்க" என்பதைத் தவிர அவள் வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோ திரும்பிப் போயிற்று. ஆண்டியப்பன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நிலக்ஷி நினைத்தாள்.

கஞ்சி ஊட்டுவதற்கும் துடைப்பதற்கும் நாகலெட்சுமி மகளை விட்டாள். பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள். நிலக்ஷி வந்து உட்கார்ந்தால் சால்வையை இழுத்துக் கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்வாள். ஒரு தடவை நிலக்ஷி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாகலெட்சுமி காலை இழுத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டி மகளுடைய தலையைத் தொடவும் இல்லை.

மழை விடாமல் பிடித்த ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை அவள் இறந்தாள். கண்டிக்குப் போயிருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதாக ஆண்டியப்பன் வந்தவர்களிடம் சொன்னார். உண்மையாகவே சொன்னாரா, மகள் காதில் விழட்டும் என்று சொன்னாரா என்பது நிலக்ஷிக்குத் தெரியாது. பெட்டியில் வைத்தபோது மீனம்மா சால்வையை நன்றாக இழுத்துச் சரிசெய்தாள். மண் போட வந்தவர்களில் யாருமே அதை விலக்கிப் பார்க்கக் கேட்கவில்லை. அவர்களுக்குத் தேவையும் இருக்கவில்லை.

கொழும்புக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது நிலக்ஷி போகப் போவதில்லை என்றுதான் இருந்தாள். ஆண்டியப்பன்தான் பையை எடுத்து வைத்தார். செய்முறைப் பரீட்சையில் ஒரு வயதானவரை நாற்காலியில் உட்கார வைத்து வரையச் சொன்னார்கள். அவள் கை தன்பாட்டில் வேலை செய்தது. மேற்பார்வைக்கு நடந்துகொண்டிருந்தவர்கள் அவளுக்குப் பின்னால் வந்து நின்று நின்று போனார்கள்.

நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. இளம் விரிவுரையாளர் ஒருவர் மொழிபெயர்த்தார். நரைத்த தலை அம்மையார் ஒருவர் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. கடைசிப் படம் வரை போய், திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"வரைதல் மிக நன்றாக இருக்கு என்கிறாங்க. ஆனா எல்லாப் படத்திலயும் வலது பக்கம் மட்டும்தான் இருக்கு. ஏன் என்று கேக்கிறாங்க."

"அம்மா மற்றப் பக்கம் வேணாம்னு சொன்னாங்க."

அவர் மொழிபெயர்த்தார். அம்மையார் தலையை ஆட்டிவிட்டு இன்னொன்று கேட்டார்.

"நீங்க அந்தப் பக்கத்தைப் பாத்ததே இல்லையா?"

"பாத்திருக்கேன்."

"வரைஞ்சு பாக்கவில்லையா?"

மேசையில் கிடந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நிலக்ஷி நின்றாள்.

"இல்ல" என்றாள்.

அம்மையார் மெதுவாக, கோபமில்லாமல், நீளமாகச் சொன்னார். சொல்ல வருகிற இடத்துக்குக் கிட்டே வந்து ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போயிருக்கிறீர்கள், பயம் தெரிகிறது, அந்தப் பக்கத்தை வரையத் துணிந்த நாளில்தான் இது தொகுப்பாகும் என்பதுதான் அதன் சாரம். இளம் விரிவுரையாளர் பயம் என்ற சொல்லைச் சொல்லும்போது தயங்கினார். பிறகு, விடைகொடுக்கிற மாதிரி, அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள்.

"இல்ல. செத்துட்டாங்க."

மொழிபெயர்ப்பதற்கு முன்னாலேயே அம்மையாருக்கு விளங்கிவிட்டது. படங்களை அடுக்கி, கையாலேயே ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தி அவளிடம் கொடுத்தார்.

தெரிவானவர்களின் பெயர்கள் வந்தபோது அவள் பெயர் அதில் இல்லை. காரணம் யாரும் சொல்வதில்லை. அதற்குள் கேதீஸ்வரி டீச்சர் இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணம் போய்விட்டார். செய்தி கேட்டு அங்கிருந்து போன் எடுத்தார்.

"அந்தப் படத்தை நடுவில வைச்சனீர்தானே?"

"அது எரிஞ்சுபோச்சு டீச்சர்."

"என்ர போனில படம் எடுத்து வைச்சிருக்கிறன் பிள்ளை. அனுப்பிவிடவோ?"

"வேணாம் டீச்சர்."

அனுப்பத் தேவையில்லை. ஃபேஸ்புக்கில் போட்டவரிடம் சொல்லி அவள் அதை எடுக்க வைத்திருந்தாள். ஆனால் அதற்குள் யார் யாரோ பகிர்ந்திருந்தார்கள். சம்பளப் போராட்டம் வந்தால், பெண்கள் தினம் வந்தால், எங்கிருந்தோ அது வந்து நிற்கும். அடியில் அழுகிற முகங்களும் கூப்பிய கைகளும் வரிசையாக இருக்கும்.

இப்போது நிலக்ஷி ஹட்டனில் பேனர் அடிக்கிற கடையொன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி. முகங்களை வெளுப்பாக்கி, சுருக்கங்களைத் துடைத்து, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுக்கிறாள். முதலாளிக்கு அவள் வேலை பிடிக்கும். பென்சிலைக் கையால் தொடுவதில்லை. பஸ்ஸில் எதிரே யாராவது கண்ணயர்ந்து, வெளிச்சம் கன்னத்தில் விழுந்தால், நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண் தானாகத் தேடத் தொடங்கிவிடும். அப்போது அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆண்டியப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, அந்தப் பரீட்சைக்கு இன்னொருக்காப் போகலாமாமே. கடையில பேசிக்கிட்டாங்க."

"போகலாம்ப்பா."

"போறியா?"

நிலக்ஷி சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, கை கழுவ வெளியே போனார். அவள் இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் விழுகிற பீலியடிக்குக் கழுவப் போனாள்.